மகிழினிக்கு மட்டும் தெரியாதது

துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் முடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ் ராயபுரத்தில் இருந்தது. மாடியில் ஒரே ஹால். ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டு மீன் காற்றும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் சேர்ந்து உள்ளே வரும் என்று ஏசியைப் போட்டு எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். இறக்குமதிக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மகிழினியின் வேலை. தப்பில்லாமல் ஏற்றுவாள். அவசர சரக்கு என்றால் மேனேஜர் ஷிபின் முதலில் அவள் மேஜையைத்தான் தேடி வருவார்.

வீடு புளியந்தோப்பில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடி. கீழே இருக்கும் பம்பிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஏற்ற வேண்டும். அப்படியும் அவள் காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை குளிப்பாள். சுடிதாரை இஸ்திரி போடாமல் உடுத்த மாட்டாள். அவள் அம்மா ராஜாத்தி இந்த விஷயத்தில் அவளை விட ஒரு படி மேலே. "நல்லா தேச்சிக் குளிச்சியா? வாய் கொப்புளிச்சியா?" என்று இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் குழந்தை மாதிரிக் கேட்பாள். கிளம்பும்போது கையில் இரண்டு லவங்கம் கொடுத்து, "வாயில போட்டுக்க, தொண்டைக்கு நல்லது" என்பாள். அம்மாவின் பைத்தியம் என்று மகிழினியும் போட்டுக்கொள்வாள்.

ஆபீசில் முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. பக்கத்து சீட்டு நவ்ரீன், பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. அவள் வீட்டில் பிரியாணி என்றால் முதல் கரண்டி மகிழினியின் தட்டில்தான் விழும். மழைக்காலம் முடிந்த கையோடு ஏதோ மாறியது. "ஏசி நேரா மண்டைல அடிக்குது, மகி" என்று சொல்லி நவ்ரீன் தன் நாற்காலியை பிரிண்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அங்கேயும் ஏசி நேராகத்தான் அடித்தது. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மதிய நேரம் இரண்டு பந்தியாகப் பிரிந்தது. மகிழினிக்கு எப்போதும் இரண்டாவது பந்தி. அதில் அவளோடு யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு நாள் வந்து பார்த்தால் அவள் தலைக்கு மேலே சுவரில் வாசனை தெளிக்கும் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது அவ்வப்போது தானாகவே உஸ்ஸென்று தும்மியது.

கிறிஸ்துமஸுக்குச் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு காபிக் கோப்பை, சுவர்க் கடிகாரம். மகிழினி தன் பொட்டலத்தைப் பிரித்தாள். சோப்பு, பவுடர், ஒரு சென்ட் பாட்டில், வாய் கொப்புளிக்கும் நீல மருந்து. எல்லோரும் அவரவர் பரிசை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். புளியந்தோப்பு என்று விலாசம் சொன்னதும் முகம் மாறுகிறவர்களை அவள் பள்ளியிலும் பார்த்திருக்கிறாள், முதலில் வேலை பார்த்த ஜவுளிக் கடையிலும் பார்த்திருக்கிறாள். 'எந்த ஏரியா?' என்ற கேள்விக்குள் வேறு என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அழுக்கு ஜனம் என்று சொல்லாமல் சொல்ல சோப்பு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா பரசுராமனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புத்தர் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏரியாவ வெச்சுத்தான் நைனா இப்டி பண்றாங்க. நல்லா தெரியுது."

"நீ தல குனியாத. வேலைய கரீட்டா செய். அவன் இன்னா நெனச்சா நமக்கின்னா" என்றார் அவர். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மகிழினி தலை குனியவில்லை. ஒன்றரை மாதம் யாரோடும் தேவைக்கு மேல் பேசாமல் வேலை பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் வந்தார். காகிதத்தில் ஒரு சந்தேகம் கேட்க அவள் மேஜைக்கருகில் குனிந்தவர் பாதியில் நிமிர்ந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நேராக ஷிபினிடம் போனார். "வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க" என்று அவர் சொன்னது ஹால் முழுவதும் கேட்டது.

அவர் படியிறங்கும் வரை காத்திருந்து மகிழினி எழுந்து மேனேஜர் முன்னால் நின்றாள்.

"சார், ஒண்ணு நேரா கேக்கறேன். நான் புளியந்தோப்புங்கறதுதானே உங்க எல்லாருக்கும் பிரச்சனை?"

ஷிபின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ, என்னம்மா பேசுற? யாரு சொன்னா உன்கிட்ட?"

"யாரும் சொல்ல வேணாம் சார். எனக்கும் கண்ணு இருக்கு. சீட்ட மாத்திக்கிறாங்க. கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்கறாங்க. சோப்பு வாங்கிக் குடுக்கறீங்க. இதுக்கு எங்க போய்ப் புகார் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

அவர் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். "அது இல்லம்மா. சத்தியமா அது இல்ல. நாளைக்கு... நாளைக்கு சுஜா உன்கிட்ட பேசுவா" என்றார்.

சுஜா அங்கே கணக்குப் பார்க்கிறவர். நாகர்கோவில் பக்கம் பிறந்து கல்யாணமாகித் திருவொற்றியூர் வந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. கறாரான ஆள், ரசீது இல்லாமல் ஆட்டோவுக்குக்கூடப் பணம் தர மாட்டார். மகிழினிக்கும் அவருக்கும் பெரிய நெருக்கம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை அரை நாள் முடிந்து எல்லோரும் போன பிறகு, சுஜா ஏசியை அணைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து மகிழினிக்கு நேர் எதிரே, முட்டி தட்டுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். ஆபீசில் ஒருவர் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பல மாதம் ஆகியிருந்தது. அதுவே மகிழினிக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"கேட்டியா மகி, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. நீ தினமும் குளிச்சு, துவைச்ச துணி உடுத்தி வாறத நான் பாக்குறேன். உன் நகத்துல ஒரு அழுக்கு பாத்ததில்ல. ஆனா உன் பக்கத்துல வந்தா ஒரு நாத்தம் வருது. உடம்புலேருந்து இல்ல. மூச்சுலேருந்து. மூக்கு வழியா வருதுன்னு நினைக்கேன். முதல்ல லேசாத்தான் இருந்துச்சு, மழை முடிஞ்ச பிறகு கூடிப்போச்சு."

மகிழினிக்குக் காது அடைத்துக்கொண்டது. சுஜாவின் உதடுகள் இன்னும் அசைவது தெரிந்தது. நாத்தம் என்ற சொல் மட்டும் மண்டைக்குள் நின்றது.

"நாத்தமா? எங்கிட்டயா?"

"ஆமா." சுஜா கண்ணை எடுக்கவில்லை.

மகிழினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஆபீசில் ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பேசிய பேச்சு போய், வீட்டுப் பேச்சு வந்தது. "இன்னா சொல்ற நீ? நான் கலீஜுன்றியா? அத்த சொல்றதுக்கு எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிட்டு, ஏசிய நிறுத்திட்டு, பக்கத்துல வேற வந்து குந்திகினியா?"

"திட்டு. திட்ட உனக்கு நியாயம் இருக்கு. உக்காந்து திட்டு."

அவள் உட்காரவில்லை. சுஜாவும் சும்மா இருக்கவில்லை. "நாங்க மூணு மாசமா வாயத் தொறக்காம இருந்தோமே, அதுதான் தப்பு. நீ எங்கேருந்து வாறன்னு எல்லாருக்கும் தெரியும். சொன்னா நீ எப்படி எடுத்துக்குவன்னும் தெரியும். அந்தப் பயத்துல ஒவ்வொருத்தரா நழுவினோம், சென்ட்டு வாங்கி வச்சோம். அத வாங்குனதுல நானும் கூட்டு. சொல்லுறதவிட அது பெரிய கேவலம்னு நேத்து நீ ஷிபின்கிட்ட கேட்டப்பதான் எனக்கு உறைச்சுது."

"எனக்கு ஒரு நாத்தமும் வரலையே" என்றாள் மகிழினி. குரல் இறங்கியிருந்தது.

சுஜா தரையைக் காட்டினார். "இப்ப ஆபீஸ் பெருக்குற தாயம்மா பினாயில் ஊத்தித் துடைச்சிட்டுப் போனா. எனக்குக் கண்ணு எரியுற அளவுக்கு நெடி. உனக்குத் தெரியுதா?"

மகிழினி தரையைப் பார்த்தாள். "ஈரமா கீது" என்றாள். மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். எதுவும் இல்லை. பினாயிலின் வாடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். சின்ன வயதுப் பள்ளிக்கூட ஞாபகமாகத்தான் வந்தது. கடைசியாக எப்போது எதை முகர்ந்தோம்? மீன் குழம்பு? மழை? அவளால் சொல்ல முடியவில்லை. மூக்கு எப்போதும் வறண்டு அடைத்தபடி இருக்கும். முகம் கழுவும்போது பச்சையாக ஏதோ பொருக்குப் பொருக்காக வரும், சில நாள் ரத்தம் வரும். தூசி ஊரில் வாழ்கிற எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

"இது நோவுடி பிள்ளே. வேற ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் வாறேன்" என்றார் சுஜா.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையை எடுத்து மூக்கை மூடினாள். இதை மகிழினி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். குப்பை லாரி போகும், மீன் கூடை போகும், அதற்காக மூடுகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். இன்று சுற்றிலும் பார்த்தாள். குப்பை லாரியும் இல்லை, மீன் கூடையும் இல்லை. துப்பட்டாவை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? பேசின் பிரிட்ஜில் இறங்கி மீதித் தூரம் நடந்தே போனாள். நடக்க நடக்கப் பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கல்லூரியில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்த பெண்கள். பெண் பார்க்க வந்து காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்த இரண்டு குடும்பங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் அவள் கையில் தயாராக இருந்தது. இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டில் ராஜாத்தி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, எங்கிட்ட நாத்தம் வருதா?"

ராஜாத்தி சண்டைக்குத் தயங்காதவள். தண்ணீர்க் குடம் ஒரு விரல்கடை நகர்ந்தால்கூட மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவாள். எந்த நாய் அப்படிச் சொல்லிச்சு என்று அவள் எழுந்து ஆடப் போகிறாள் என்று மகிழினி காத்திருந்தாள். ராஜாத்தி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆபீசில் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு."

"எப்போலேர்ந்து?"

"நீ பத்தாவது படிக்கசொல்லோ ஆரம்பிச்சிது. டாக்டராண்ட காமிச்சேன், சளின்னு சொட்டு மருந்து குட்த்தாரு. அப்பால ஒரு நாட்டு வைத்தியரு பாத்துட்டு பீனிசம், மூக்கு நாத்த நோவுன்னாரு. அந்தப் பேரு வெளிய போச்சின்னா உன்ன எவன் கட்டுவான்? அதான் வாய மூடிகினேன்."

"வெளிய சொல்லல. சரி. எனக்கு ஏன் சொல்லல?"

"உனக்கு சொன்னா நீ இஸ்கூலுக்குப் போயிருப்பியா? காலேஜுக்குப் போயிருப்பியா? மூலைல குந்தியிருப்ப. தெரியாத வரைக்கும் நல்லா சிரிச்சிகினு போய் வந்துகினு இருந்தியேடி."

லவங்கம் எதற்கு என்று மகிழினிக்கு இப்போது தெரிந்தது. வாசலில் அவள் தம்பி பாரி வந்து நின்றிருந்தான். புழுக்கம் என்று சொல்லி வருஷக் கணக்காக வராந்தாவில் பாய் போட்டுப் படுக்கிறவன். அவள் திரும்பிப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினான். ஆக அவனுக்கும் தெரியும்.

பரசுராமன் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

"நைனா, கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் உங்கிட்ட வந்து அழுதேனே. ஏரியாவ வெச்சு ஒதுக்கறாங்கன்னு. அப்பகூட உனக்கு நெசம் தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சிகினேதான் தல குனியாதன்னு சொன்னியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். "அது பொய் இல்லம்மா. ஒதுக்கறவன் ஒதுக்கிகினுதான் கீறான். பட்டறைல என் டம்ளர எங்க வெச்சிருந்தானுங்கன்னு எனக்குத் தெரியும். அதுவும் கீது, இதுவும் கீது. அத்த சொல்றது எனக்கு சுலுவா இருந்துச்சி. இத்த சொல்ல வாய் வர்ல."

"எல்லாரும் சேந்து எங்கிட்ட நடிச்சிகினு இருந்தீங்க" என்றாள் மகிழினி. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, பக்கெட் தண்ணீரை மொண்டு மொண்டு முகத்தில் அடித்தாள். அழுகை வரவில்லை. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அது யாருடையதோ மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கொரோனா காலத்து முகக்கவசம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிடக்கூட வெளியே வராமல் படுத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் சுஜா சொன்னபடியே நின்றிருந்தார். மகிழினி கூப்பிடாமலே ராஜாத்தியும் பின்னால் வந்திருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்கதான் சொன்னதா?" என்று ராஜாத்தி கேட்டாள்.

"நான்தான்மா."

ராஜாத்தி சுஜாவின் கையிலிருந்த பையை வாங்கித் தான் வைத்துக்கொண்டாள்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூக்குக்குள் பார்த்தார். "எவ்வளவு வருஷமாம்மா?" என்றார். பிறகு மருந்து விட்டு ஊறவைத்து, நீளமான இடுக்கியால் மெதுவாக இழுத்தார். கண்ணில் நீர் கொட்டியது. தட்டில் ஏதோ விழும் சத்தம் கேட்டு மகிழினி குனிந்து பார்த்தாள். கரும்பச்சை நிறத்தில், கட்டைவிரல் பருமனுக்கு, மரப்பட்டை மாதிரி ஒன்று. ஓரத்தில் ரத்தம். அதற்குப் பிறகு இன்னொன்று. இவ்வளவும் தன் முகத்துக்குள் இருந்ததா? சுவரோரம் நின்ற ராஜாத்தி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது குளிக்காததாலயோ அழுக்காலயோ வர்றது இல்ல" என்றார் டாக்டர். மகிழினியிடம்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மூக்குக்குள்ள இருக்கற சவ்வு வறண்டு சுருங்கிப் போற நோய். பொருக்கு கட்டி, அதுல கிருமி சேர்ந்து நாத்தம் வருது. வாசனை பிடிக்கற நரம்பும் கெட்டுப் போயிடும். அதனால ஊருக்கெல்லாம் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. யாராவது சொன்னாத்தான் உண்டு. யார் சொன்னாங்க?"

மகிழினி சுஜாவைக் காட்டினாள். டாக்டர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் தினம் மூக்கைக் கழுவ வேண்டும், சொட்டு விட வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. முழுக்க விட்டுப்போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் நாற்றத்தை அடக்கிவிடலாம். வாசனை தெரிவது திரும்புமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் லீவு போட்டு வீட்டிலிருந்தாள். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தாள், மறுநாள் அந்த யோசனையே அவளுக்குக் கோபத்தைக் கொடுத்தது. திரும்பிப் போன அன்று யாரும் எதுவும் பேசுவதற்கு முன்னால் ஹாலின் நடுவில் நின்று அவளே சொன்னாள்: "எனக்கு மூக்குல ஒரு நோய். நாத்தம் அதனால. வைத்தியம் நடக்குது. இன்னும் வந்தா எங்கிட்ட நேரா சொல்லுங்க, சுவத்துல பெட்டி மாட்டாதீங்க."

ஷிபின் நாற்காலியின் மேல் ஏறித் தானே அந்தப் பெட்டியைக் கழற்றினார். நவ்ரீன் அழுதுவிட்டாள். "என் மேல கோவம்தானே மகி?" என்று கேட்டாள்.

"கோவம்தான்" என்றாள் மகிழினி. "போவ நாளாவும்."

அதன் பிறகு தினமும் காலையில் ஆபீசுக்கு வந்ததும் சுஜாவின் மேஜைக்குப் போய் நிற்பாள். "இன்னிக்கு எப்டிக்கா?" சுஜா பேனாவை வைத்துவிட்டு, கிட்டே வந்து, நாற்றம் இருந்தால் 'ஆமாம்', இல்லாவிட்டால் 'இல்லை' என்பார். முதலில் 'ஆமாம்' அதிகமாக இருந்தது. பங்குனியில் 'இல்லை' அதிகமாகி, பிறகு சுஜா தலையைக்கூட நிமிர்த்தாமல் "இல்ல, போ, வேலையப் பாரு" என்று விரட்டத் தொடங்கினார்.

வீட்டில்தான் சரியாக நாளானது. அம்மா உப்புத் தண்ணீரைச் சூடாக்கி வைப்பாள், மகிழினி ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போவாள். அப்பாவோடு பேச ஆரம்பித்த பிறகும், அவர் எதைச் சொன்னாலும் அதன் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

சித்திரையில் ஒரு வரன் வந்தது. வல்லரசு என்று பெயர், வியாசர்பாடிப் பையன், காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். இருவரும் தனியாகப் பேச வராந்தாவுக்குப் போனார்கள். மகிழினி பெயர்கூடக் கேட்கவில்லை. நோயின் பெயரைச் சொன்னாள், அது எப்படி இருக்கும் என்று சொன்னாள். அவன் சட்டென்று ஒரு அடி பின்னால் போனான், போனதை உணர்ந்து காது வரை சிவந்தான்.

"இப்ப கீதா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்."

"இல்ல" என்றான் அவன். "ஒண்ணும் வர்ல. யோசிச்சி சொல்றேன்."

விஷயம் தெரிந்ததும் ராஜாத்தி பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. "இன்னாத்துக்குடி மொத வார்த்தையே அத்த சொன்ன?" என்று கத்தினாள். அவள் மகளிடம் அப்படிக் கத்தியும் சில மாதம் ஆகியிருந்தது. "சொல்லட்டும் வுடு" என்றார் பரசுராமன்.

மாதக் கடைசியில் பதில் வந்தது. தரகரை விட்டுச் சொல்லாமல் வல்லரசே போன் செய்தான். "எங்கம்மா பயப்படுது. நெசத்த சொல்லணும்னா எனக்கும் பயமாத்தான் கீது. சாக்கு சொல்லித் தட்டிக் கழிக்க மனசு வர்ல, அதான் நானே கூப்ட்டேன்" என்றான். மகிழினி "சரி" என்றாள். வைப்பதற்கு முன்னால், "நேரா சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்றும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். இந்தப் பெண் இன்று என்ன ஆகப் போகிறாளோ என்று ராஜாத்தி கரண்டியும் கையுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பாக்கற? குழம்பு ஊத்து" என்றாள் மகிழினி.